வல்லரசு பஞ்சாயத்துக்கு வரும்போது

"ஒரு பக்கத்துக்கு ஆயுதம் கொடுக்கிற நாடே நடுவில் உட்கார்ந்து எப்படிச் சமாதானம் பேச முடியும்?" எங்காவது பேச்சுவார்த்தை என்று செய்தி வந்தால் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். நியாயமான கேள்விதான், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சம் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தலைகீழாக இருப்பது தெரிந்தது. வல்லரசுகள் தலையிட்டு ஏதாவது உருப்படியாக நடந்த இடங்களில், அந்த வல்லரசு பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்திருக்கிறது. அந்தச் சாய்வு தெரிந்தேதான் எதிர்ப்பக்கமும் அதை உள்ளே விட்டிருக்கிறது. ஏன் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பேச்சுவழக்கில் மத்தியஸ்தத்தைப் பஞ்சாயத்து என்கிறோம், ஆனால் பஞ்சாயத்து என்றால் நம் மனதில் தீர்ப்பு வந்துவிடுகிறது. மத்தியஸ்தத்தில் தீர்ப்பே கிடையாது. மத்தியஸ்தர் யோசனை சொல்லலாம், வரைவு எழுதலாம், கெஞ்சலாம், மிரட்டலாம், ஆனால் இரண்டு பக்கமும் சரி என்று சொல்லாமல் ஒரு வரிகூட நிலைக்காது. தீர்ப்பு சொல்லி அது கட்டுப்படுத்தும் என்றால் அது நடுவர் மன்றம், வேறு வகை. இடம் கொடுத்து, தேநீர் கொடுத்து, கடிதங்களை அங்கும் இங்கும் கொண்டுபோய்க் கொடுப்பதோடு நின்றால் அதுவும் வேறு வகை, இலங்கைத் தமிழில் அதற்கு அனுசரணை என்று அழகான சொல் இருக்கிறது. ஐ.நா. சாசனத்தின் 33ஆவது பிரிவு இந்த வழிகளில் பலவற்றைத் தனித்தனியாகப் பெயர் சொல்லியே வரிசைப்படுத்துகிறது. நடைமுறையில் ஒரே ஆள் காலையில் அனுசரணையாளராக வந்து மாலையில் மத்தியஸ்தராகி, மறுவாரம் மிரட்டல்காரராக நிற்பதும் உண்டு.

இன்னொன்று. அடுத்த நாட்டுச் சண்டையில் சமாதானம் பேசத் தயார் என்று ஒரு நாடு முன்வந்தால் அதைப் பகைமைச் செயலாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று 1899ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி எழுதி வைக்க வேண்டிய நிலை இருந்தது என்பதே, இப்படி முன்வருகிறவர்களை அன்றைக்கே உலகம் எவ்வளவு சந்தேகத்தோடு பார்த்தது என்பதைக் காட்டுகிறது.

சாய்ந்த மத்தியஸ்தரை ஏன் ஒப்புக்கொள்கிறார்கள்?

இதற்கு நல்ல உதாரணம் 1978 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் ஓய்விடமான கேம்ப் டேவிட்டில் நடந்த பேச்சுவார்த்தை. எகிப்தும் இஸ்ரேலும் 1948இலிருந்து நான்கு பெரிய போர்களில் மோதியவை. 1967 போரில் இஸ்ரேல் பிடித்த சினாய் தீபகற்பம் எகிப்துக்குத் திரும்ப வேண்டும், அது போரில் திரும்பாது என்பது 1973 போருக்குப் பிறகு எகிப்து அதிபர் அன்வர் சதாத்துக்குத் தெளிவாகிவிட்டது. அவர் யாரிடம் போனார்? இஸ்ரேலுக்கு ஆயுதமும் பணமும் கொடுக்கும் அமெரிக்காவிடம். 1972லேயே சோவியத் ராணுவ ஆலோசகர்களை நாட்டைவிட்டு அனுப்பியவர் அவர். ஆட்டத்தின் 99 சதவீதச் சீட்டுகள் அமெரிக்காவின் கையில் இருக்கின்றன என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கணக்கு. இஸ்ரேலை அசைக்க வேண்டுமென்றால் இஸ்ரேல் யார் பேச்சைக் கேட்குமோ அவர்களைத்தானே பிடிக்க வேண்டும்? எல்லோரிடமும் சம தூரத்தில் நிற்கும் ஒரு நல்ல நாடு வந்து நல்ல வார்த்தை சொல்லலாம், ஆனால் அதன் சொல்லுக்கு இஸ்ரேல் ஏன் சினாயைக் கொடுக்கப்போகிறது?

கேம்ப் டேவிட்டில் 13 நாட்கள் நடந்த வேலையைப் பார்த்தால் மத்தியஸ்தம் என்கிற தொழில் எவ்வளவு உடலுழைப்பு என்பது புரியும். அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் முதலில் சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் மெனாகெம் பெகினையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பார்த்தார். மூன்று நாளில் அது சரிப்படாது என்று தெரிந்துவிட்டது, இருவரும் பேசப் பேசப் பிளவு அதிகமாகிக்கொண்டே போனது. அதற்கப்புறம் இருவரையும் பெரும்பாலும் சந்திக்கவே விடாமல், குடிலுக்குக் குடில் கார்ட்டரும் அவருடைய ஆட்களும் நடந்தார்கள். அமெரிக்கர்களே ஒரு வரைவை எழுதுவார்கள், ஒருவரிடம் காட்டிக் குறை கேட்பார்கள், திருத்துவார்கள், மற்றவரிடம் கொண்டுபோவார்கள், மறுபடி திருத்துவார்கள். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட வரைவுகள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எதிரி எழுதிய காகிதத்தில் ஒரு வரியை ஏற்றுக்கொண்டால் அது தோல்வி மாதிரி இருக்கும், மூன்றாவது ஆள் எழுதிய காகிதத்தில் அதே வரியை ஏற்றுக்கொண்டால் அவ்வளவு உறுத்தாது. மத்தியஸ்தரால் கிடைக்கும் முதல் லாபமே இந்த முகம் காக்கும் வசதிதான் என்று சொல்வேன்.

பதினோராவது நாள் சதாத் பெட்டி கட்டிவிட்டார். கார்ட்டர் அவருடைய குடிலுக்கே போய், இப்போது கிளம்பினால் நம் உறவு அவ்வளவுதான் என்கிற அளவுக்குப் பேசி நிறுத்தினார். கடைசி நாள் ஜெருசலேம் பற்றிய ஒரு கடிதத்தால் பெகின் முரண்டு பிடித்தபோது, பெகினின் பேரக்குழந்தைகள் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்ட புகைப்படங்களைக் கார்ட்டர் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார், பெகின் கலங்கிவிட்டார். இந்தப் புகைப்படக் கதையை எல்லோரும் சொல்வார்கள், நல்ல கதைதான். ஆனால் புகைப்படத்துக்காக யாரும் சினாயை விட்டுக்கொடுப்பதில்லை. சினாயில் இஸ்ரேல் இழக்கவிருந்த விமானத் தளங்களுக்குப் பதிலாக நெகேவ் பாலைவனத்தில் இரண்டு புதிய தளங்களை அமெரிக்கா கட்டிக்கொடுத்தது, எண்ணெய் கிடைக்காமல் போனால் தான் தருவதாக உறுதி சொன்னது. எகிப்துக்கும் ராணுவ உதவி தொடங்கியது, 1980களின் பிற்பகுதியில் அது ஆண்டுக்கு 130 கோடி டாலர் என்று நிலைத்து இன்றுவரை ஏறத்தாழ அதே அளவில் இருக்கிறது. சமாதானத்துக்கு விலை உண்டு, அந்த விலையைத் தன் பையிலிருந்து எடுத்து வைக்க முடிந்தவர்தான் வல்லரசு மத்தியஸ்தர்.

அதே அமெரிக்கா, அதே கேம்ப் டேவிட், 2000 ஜூலையில் அதிபர் பில் கிளிண்டன் இஸ்ரேல் பிரதமர் எஹுத் பராக்கையும் பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராபத்தையும் இரண்டு வாரம் வைத்துப் பேசியும் ஒன்றும் நடக்கவில்லை. காரணங்களை இன்றுவரை அடித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அமெரிக்கக் குழுவிலேயே இருந்த ஏரன் டேவிட் மில்லர் பின்னாளில், நாங்கள் மத்தியஸ்தர்களாக இல்லாமல் இஸ்ரேலின் வழக்கறிஞர்களாக நடந்துகொண்டோம் என்ற பொருளில் எழுதினார். அப்படியென்றால் சாய்வு கெடுதல் இல்லை என்று நான் சொன்னது தப்பா? முழுக்கத் தப்பில்லை. நண்பனை அழுத்தி எதையாவது வாங்கித் தருகிற வரை சாய்வு பயன்படும். நண்பனிடம் முதலில் காட்டி அவன் சம்மதித்ததை மட்டும் எதிராளியிடம் கொண்டுபோனால், எதிராளிக்கு அங்கே வேலையில்லை.

வல்லரசுக்கு என்ன லாபம்?

சும்மா வருவதில்லை, அது தெரிந்ததுதான். ஆனால் லாபம் என்றால் எண்ணெய், ஆயுத விற்பனை என்று மட்டும் நினைக்க வேண்டாம். 1905இல் ரஷ்யாவும் ஜப்பானும் மோதியபோது அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இரண்டு பேரையும் போர்ட்ஸ்மத் என்ற இடத்தில் பேச வைத்தார். ஜெயித்துக்கொண்டிருந்த ஜப்பான்தான் அவரை ரகசியமாகக் கேட்டுக்கொண்டது, ஏனென்றால் அதனிடம் பணம் தீர்ந்துகொண்டிருந்தது. ரூஸ்வெல்ட்டின் கணக்கு, கிழக்காசியாவில் இரண்டில் ஒன்று மற்றதை முழுங்கிவிடக்கூடாது, இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போட்டு நிற்க வேண்டும் என்பது. அடுத்த ஆண்டு அவருக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. கஜானா காலி என்பது தெரியாத ஜப்பானிய மக்களோ, ரஷ்யாவிடமிருந்து இழப்பீடு ஒரு காசுகூட வரவில்லை என்று டோக்கியோவில் கலவரத்தில் இறங்கினார்கள்.

1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சோவியத் பிரதமர் கோசிகின், இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியையும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானையும் உட்கார வைத்தபோதும் இதே மாதிரி ஒரு கணக்கு இருந்தது. அமெரிக்கா வியட்நாமில் சிக்கிக்கொண்டிருந்தது, பாகிஸ்தான் சீனாவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது, அந்த இடைவெளியில் மாஸ்கோ நுழைந்தது. ஜனவரி 10ஆம் தேதி கையெழுத்தானது, படைகள் 1965 ஆகஸ்ட் 5க்கு முந்தைய இடங்களுக்குத் திரும்ப வேண்டும் என்பது அதன் சாரம். சில மணி நேரத்தில் சாஸ்திரி அங்கேயே இறந்துபோனார். இந்தியர்களுக்குத் தாஷ்கண்ட் என்றால் இன்றும் அந்த மரணம்தான் நினைவுக்கு வருகிறது, ஒப்பந்தம் இரண்டாவதாகத்தான் வருகிறது.

சமீபத்திய உதாரணம் 2023 மார்ச் 10, பெய்ஜிங். 2016இலிருந்து தூதரக உறவு இல்லாமல் இருந்த சவூதி அரேபியாவும் இரானும் கைகுலுக்கிக்கொள்ள, நடுவில் சீனாவின் வாங் யீ நின்ற புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். உலகமே சீனாவின் சாதனை என்றது. உண்மையில் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் இராக்கும் ஓமானும் பல சுற்றுப் பேச்சுகளைச் சத்தமில்லாமல் நடத்திக் களத்தைத் தயார் செய்து வைத்திருந்தன, சீனா கடைசிக் கட்டத்தில் வந்து முத்திரை குத்தியது. அதற்காகச் சீனாவின் பங்கு சின்னது என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவுக்கு 1980இலிருந்து இரானோடு தூதரக உறவே இல்லை, அதனால் இந்த வேலையை அது நினைத்தாலும் செய்திருக்க முடியாது. இரண்டு பேரிடமும் எண்ணெய் வாங்கும் மிகப்பெரிய வாடிக்கையாளர் சீனா. அந்த வாடிக்கையாளர் முன்னால் கொடுத்த வாக்கை மீற இரண்டு பேருமே கொஞ்சம் யோசிப்பார்கள், அந்தக் கொஞ்சம்தான் அங்கே தேவைப்பட்டது.

நேரம் கனிய வேண்டும்

இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் ஒரு கருத்து வில்லியம் சார்ட்மன் என்ற அமெரிக்க அறிஞருடையது. இரண்டு பக்கமும் ஜெயிக்க முடியாமல், அதே நேரம் அந்த நிலையைத் தாங்கவும் முடியாமல் வலியில் இருக்கும்போதுதான் மத்தியஸ்தம் பலிக்கும் என்பார். ஒருவனுக்கு மட்டும் வலித்தால் போதாது. இன்னும் ஒரு மாதம் அடித்தால் ஜெயித்துவிடலாம் என்று ஒரு தளபதி நம்பிக்கொண்டிருக்கும் வரை எந்த வல்லரசு வந்தாலும் மரியாதைக்கு ஒரு கைகுலுக்கல்தான் கிடைக்கும்.

1982இல் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்தபோது அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹேக் லண்டனுக்கும் பியூனஸ் அயர்ஸுக்கும் மாறி மாறிப் பறந்தார். அமெரிக்காவுக்கு இரண்டு பேருமே வேண்டியவர்கள், ஆக அவர் கையில் பிடிமானம் இல்லாமல் இல்லை. ஆனால் மார்கரெட் தாட்சர் கடற்படையை அனுப்பியாகிவிட்டது, அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியாளர்களோ பின்வாங்கினால் பதவி போய்விடும் என்ற பயத்தில் இருந்தார்கள், அதிலும் ஒருவர் ஒப்புக்கொண்டதை மற்றவர்கள் மறுநாள் மாற்றிவிடுவார்கள். யாரிடம் பேசினால் முடிவு கிடைக்கும் என்றே தெரியாத இடத்தில் மத்தியஸ்தர் என்ன செய்வார்? ஏப்ரல் 30ஆம் தேதி அமெரிக்கா வெளிப்படையாகப் பிரிட்டன் பக்கம் சேர்ந்துகொண்டது.

இதற்கு நேரெதிர் போஸ்னியா. மூன்றரை ஆண்டுப் போரில் எத்தனையோ அமைதித் திட்டங்கள் வந்து வந்து செத்தன. 1995 ஆகஸ்டில் குரோஷியாவின் தாக்குதலும் அந்த மாத இறுதியில் தொடங்கிய நேட்டோ குண்டுவீச்சும் நிலைமையைப் புரட்டிப்போட்டன, நாட்டில் ஏறக்குறைய 70 சதவீதத்தை வைத்திருந்த போஸ்னிய செர்பியர்கள் பாதி அளவுக்குச் சுருங்கினார்கள். அந்தச் சூட்டோடு அமெரிக்கத் தூதர் ரிச்சர்ட் ஹோல்புரூக் போஸ்னியா, குரோஷியா, செர்பியா ஆகிய மூன்றின் அதிபர்களை ஒஹையோ மாநிலத்தில் டேட்டனுக்கு அருகே ஒரு விமானப்படைத் தளத்தில் கொண்டுபோய் அடைத்தார். அடைத்தார் என்பது சரியான சொல்தான், நவம்பர் 1 முதல் 21 வரை கிட்டத்தட்ட வெளியுலகத் தொடர்பு இல்லாமல், பத்திரிகையாளர்களை உள்ளே விடாமல் நடந்தது. குண்டு போட்ட அதே கை பேச்சுவார்த்தை மேசையையும் போட்டது. இதைக் கேட்க ஒரு மாதிரி இருக்கலாம், ஆனால் வலிக்கும் நேரம் தானாகக் கனியும் வரை வல்லரசு எப்போதும் காத்திருப்பதில்லை, சில சமயம் தானே பழுக்க வைக்கிறது. கடைசியில் பிர்ச்கோ என்ற ஒரு ஊரில் வந்து எல்லாம் உடையப் பார்த்தது. அந்த ஊரை மட்டும் நடுவர் தீர்ப்புக்கு விட்டுவிட்டு மற்றதில் கையெழுத்துப் போட்டார்கள்.

மத்தியஸ்தமே வேண்டாம் என்பவர்கள்

பொதுவாகப் பலம் குறைந்த பக்கம் மூன்றாவது ஆளைக் கூப்பிடும், பலம் கூடிய பக்கம் "எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம்" என்று சொல்லும். மூன்றாவது ஆள் வந்தாலே இரண்டு பேரும் சமமாகிவிடுகிறார்கள் அல்லவா. காஷ்மீர் விஷயத்தில் பாகிஸ்தான் உலகம் தலையிட வேண்டும் என்று கேட்பதற்கும், 1972 சிம்லா ஒப்பந்தத்தைக் காட்டி இருதரப்புப் பேச்சுதான் என்று இந்தியா நிற்பதற்கும் இதுதான் பின்னணி. 2025 மே 10 அன்று சண்டை நின்றதை முதலில் அறிவித்தவர் டொனால்ட் டிரம்ப். பாகிஸ்தான் அவருக்கு நன்றி சொன்னது. இந்தியாவோ இரு ராணுவங்களின் உயர் அதிகாரிகள் நேரடியாகப் பேசி எடுத்த முடிவு என்றது. நடந்த சம்பவம் ஒன்றுதான், அதற்கு மத்தியஸ்தம் என்று பெயர் வைப்பதா வேண்டாமா என்பதே தனிச் சண்டையாகிவிட்டது.

அப்படி மூன்றாம் ஆளை விரும்பாத இந்தியாவே இலங்கையில் மூன்றாம் ஆளாகப் போனது. 1983 ஜூலைக்குப் பிறகு இந்திரா காந்தி, ஜி. பார்த்தசாரதியைத் தூதராக அனுப்பினார். 1985இல் பூட்டானின் திம்புவில் பேச்சு நடந்தது. இன்னொரு பக்கம் தமிழ்ப் போராளிக் குழுக்களுக்கு இந்தியாவில் பயிற்சியும் நடந்தது. 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனேயும் ஒப்பந்தம் போட்டார்கள், போரிட்டுக்கொண்டிருந்த விடுதலைப் புலிகள் அதில் கையெழுத்துப் போடவே இல்லை. ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் படித்தால் திருகோணமலைத் துறைமுகத்தை வேறு நாட்டு ராணுவத்துக்குக் கொடுக்கக்கூடாது, வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. தமிழர் பிரச்சினைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், மத்தியஸ்தரின் சொந்தக் கணக்கு எங்கே எழுதப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் கிடையாது. அமைதி காக்கப் போன படை மூன்றே மாதத்துக்குள் புலிகளோடு போரில் இறங்கியது, ஆயிரத்துக்கும் அதிகமான இந்திய வீரர்கள் இறந்தார்கள், பொதுமக்கள் பட்டதைச் சொல்லி மாளாது. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது கொழும்பு அரசும் புலிகளும் இரண்டு பேருமே அது போனால் போதும் என்ற நிலையில் இருந்தார்கள்.

அதே தீவில் பிறகு நார்வே வந்தது. ராணுவ பலமும் இல்லை, திருகோணமலை மேல் கண்ணும் இல்லை. அனுசரணையாளர் என்ற பெயரோடு 2002இல் போர்நிறுத்தம் வரை கொண்டுவந்தது, நோர்டிக் நாடுகளின் கண்காணிப்புக் குழுவும் ஆயுதம் இல்லாமல் வந்து மீறல்களை எண்ணியது. எண்ண முடிந்ததே தவிர நிறுத்த முடியவில்லை. 2008 ஜனவரியில் அரசு போர்நிறுத்தத்திலிருந்து விலகியபோது நார்வேயால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கனமான கை வந்து நசுக்கியது, லேசான கை வந்து வழுக்கியது என்று அந்த இருபது வருடத்தைச் சொல்லலாம்.

கையெழுத்துக்குப் பிறகு

செய்தியில் கைகுலுக்கல் வந்ததும் நாம் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம், உண்மையான செலவு அங்கேதான் தொடங்குகிறது. சினாயிலிருந்து இஸ்ரேல் 1982 ஏப்ரலில் வெளியேறியபோது கண்காணிக்க ஐ.நா. படை வேண்டும் என்பதுதான் திட்டம், பாதுகாப்புச் சபையில் அதற்கு வழி கிடைக்காததால் அமெரிக்கா தலைமையேற்று ஐ.நா.வுக்கு வெளியே ஒரு பன்னாட்டுப் படையை உருவாக்கியது. நாற்பது வருடத்துக்கு மேலாக அது இன்னும் அங்கே இருக்கிறது. போஸ்னியாவுக்கு முதல் ஆண்டில் நேட்டோ சுமார் 60,000 படையினரை இறக்கியது.

ஆர்மீனியாவும் அஜர்பைஜானும் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாகோர்னோ கராபாக் பகுதியில் 2020 நவம்பரில் 44 நாள் போரை நிறுத்தி வைத்தது ரஷ்யா. ஆர்மீனியா அதன் ராணுவக் கூட்டாளி, அஜர்பைஜானோடும் நல்ல உறவு, இரண்டு பேருக்குமே ஆயுதம் விற்றிருந்தது, பிடிமானம் என்று பார்த்தால் இதைவிட என்ன வேண்டும். 1,960 அமைதிப் படையினரும் போனார்கள். பிறகு 2022இல் ரஷ்யா உக்ரைன் போரில் இறங்கியது, கவனமும் படையும் அங்கே போய்விட்டன. 2023 செப்டம்பரில் அஜர்பைஜான் ஒரே நாள் தாக்குதலில் கராபாக்கை முழுவதுமாக எடுத்துக்கொண்டபோது அந்தப் படையினர் அங்கேயேதான் இருந்தார்கள், தடுக்கவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் சில நாட்களில் ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு ரஷ்யப் படை கிளம்பியது. 2025 ஆகஸ்ட் 8இல் ஆர்மீனியப் பிரதமரும் அஜர்பைஜான் அதிபரும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டபோது, நடுவில் இருந்தவர் அமெரிக்க அதிபர், இடம் வெள்ளை மாளிகை. ஆர்மீனியாவின் தெற்கு வழியாகப் போகவிருக்கும் ஒரு போக்குவரத்துப் பாதைக்கு அங்கே டிரம்ப்பின் பெயரையே வைத்துவிட்டார்கள்.